மடித்துக் கட்டிய முண்டு

ஒற்றப்பாலம்,
கும்ப மாதம் 12

மரியாதைக்குரிய மச்சான் வேலுக்குட்டி அவர்களுக்கு, சாமிக்குட்டி வணங்கி எழுதியது. நானும் உங்கள் தங்கையும் மகள் சுலோசனாவும் கன்றுக்குட்டியும் சுகம். அக்காவின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் வசவுக் கடிதம் வந்து சேர்ந்தது.

"மகனுக்குப் பெண் பார்க்க வந்த ராமுண்ணிப் பணிக்கர் முன்னால் முண்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நின்றாயாமே, உனக்குக் கிறுக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நின்றேன். அதற்காகவே புது முண்டுக்குக் கஞ்சி போட்டு, பெட்டி போட்டு வைத்திருந்தேன். ஜீப் சத்தம் கேட்டதுமே உங்கள் தங்கை கதவுக்குப் பின்னாலிருந்து, "ஏங்க, இறக்கி விடுங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்" என்றாள். "ரெண்டு காலும் வெளியேதான் இருக்கு, வந்து பிடிச்சுக்கோ" என்றேன். அந்த நேரம் பார்த்துக் கன்றுக்குட்டி வந்து என் முழங்காலை நக்க ஆரம்பித்தது, அதைத் தள்ளப் போய்க் காப்பி டம்ளர் சாய்ந்து தொடையெல்லாம் வெந்துபோச்சு, அப்பவும் இறக்கலையே! பணிக்கர் என் காலையே பார்த்தார். "என்ன சாமிக்குட்டி, உனக்கு வெயில் ரொம்பவோ?" என்றார். "எனக்கில்லைங்க, எங்கப்பனுக்குத்தான் வெயில். நாப்பது வருஷம் உங்க வரப்புல முண்டை இறக்கி விட்டுட்டு நின்னாரு. எங்க குடும்பத்துப் பங்கு அதோட தீந்துபோச்சு" என்றேன். பாதி நேந்திரம்பழத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார் மனுஷன்.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் முண்டை இறக்கி மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் சம்பந்தம் முறிந்தது என்கிறீர்கள். சுலோசனாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது, எனக்குத் தெரியாதா? நெஞ்சு அறுந்துதான் கிடக்கிறது. அவள் அழுதிருந்தால் இறக்கியிருப்பேனோ என்னவோ, அழமாட்டேங்கிறாளே! என் மகளாச்சே. போகமாட்டேன் மச்சான். தலையை வேண்டுமானால் கேளுங்கள், தருகிறேன். முண்டு இறங்காது.

பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். அக்காவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
நிமிர்ந்து நிற்கும்
சாமிக்குட்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன், பணிக்கர் வந்துவிட்டார். ஜீப் இல்லை, துணைக்கு ஆள் இல்லை, நடந்தே வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த முண்டை இறக்கி விட்டார், மச்சான்! என் முன்னால்! "உங்கப்பா அப்படி நின்னதைச் சின்ன வயசுல பாத்திருக்கேன். நீங்க சொன்னதுலேருந்து சோறு இறங்கலை" என்றார். என் கை என்னைக் கேட்கவே இல்லை, அதுவும் இறக்கி விட்டுவிட்டது. கல்யாணம் மேட மாதத்தில். மேலே எழுதியதை யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள். இப்போது ஒரு சிக்கல். கன்றுக்குட்டி தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து முற்றமெல்லாம் சேறு, நடந்தால் இரண்டு முண்டும் நாசம். ஆனால் நான் முதலில் மடித்துக் கட்டட்டும் என்று அவர் நிற்கிறார். அவர்தான் முதலில் கட்டவேண்டும். நான் விடப்போவதில்லை.