சுருதி சேரும் பவர் சப்ளை ஒன்று தேவை

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், புத்தகங்களுக்குப் பக்கம் கட்டிப் பிழைப்பவன், பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம், கம்ப்யூட்டர் மட்டும் நலமில்லை. அங்கே உங்கள் நலமும், அக்காவின் முழங்கால் நலமும், நீங்கள் பழுது பார்க்கும் லிஃப்ட்டுகளின் நலமும் அறிய ஆவல்.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வீடு சின்னது. ஒரே மேஜையின் ஒரு பக்கம் நான் பக்கம் கட்டுகிறேன், எதிர்ப்பக்கம் உங்கள் தங்கை மெய்ப்புத் திருத்துகிறாள். நான் சொல்லப்போவது அவள் காதில் விழுந்தால் காரியமே கெட்டுவிடும். கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பழைய பவர் சப்ளை கருகிவிட்டது, மலிவாக என்ன வாங்கலாம் என்று நான் கேட்டபோது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கும். "பேரு தெரியாத கம்பெனி வேணாம் மாப்ள. ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற வாட்டை நம்பாதீங்க. கையில தூக்கிப் பாருங்க, கனமா இருக்கணும். ஃபேன் பெருசா இருக்கணும், சத்தமே வரக்கூடாது" என்றீர்கள். எல்லாம் சரி மச்சான், அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கும் உங்களுக்கும் ஒத்துவரவில்லை. எனக்குச் சத்தம் வர வேண்டும். அதுவும் ஒரு குறிப்பிட்ட சத்தம்.

கல்யாணமான புதிதில் உங்கள் தங்கை வேலை செய்துகொண்டே பாடுவாள். எப்போது நிறுத்தினாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சுவர்க் கடிகாரம் நின்றுபோனால் எப்போது நின்றது என்று யாருக்குத் தெரிகிறது, அப்படித்தான். பிறகு இந்த வருஷம் பவர் சப்ளையின் ஃபேன், உள்ளே எண்ணெய் வற்றியதாலோ என்னவோ, 'ம்ம்ம்' என்று ஒரே சுரத்தில் ரீங்காரம் போட ஆரம்பித்தது. ஒரு மத்தியானம், ஜன்னல் வெயில் மேஜையில் பாதி வரை வந்திருந்தது, ஒரு தலைப்பை நடுவில் நிறுத்தலாமா ஓரத்துக்குத் தள்ளலாமா என்று யோசித்துக்கொண்டே நான் எங்கேயோ போய்விட்டேன். என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஏதோ ஒரு மேகத்தின்மேல் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன், கீழே ஆறு மாதிரி ஒன்று ஓடுகிறது, எழுத்துகள் ஒவ்வொன்றாக அதில் இறங்கிக் குளிக்கின்றன. அப்போது அந்த ரீங்காரத்தின்மேல் இன்னொரு குரல் வந்து உட்கார்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் உங்கள் தங்கை! சிவப்புப் பேனா கையில், கண் மெய்ப்பில், வாயை மூடியபடி முனகிக்கொண்டிருக்கிறாள். ஃபேன் சுருதி போடுகிறது, அவள் பாடுகிறாள். நான் மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அந்தத் தலைப்பு நடுவிலும் இல்லாமல் ஓரத்திலும் இல்லாமல் அச்சுக்கே போய்விட்டது, பதிப்பாளர் அதைப் புதுமை என்று பாராட்டினார்.

இது இவனுடைய வழக்கமான கனவு என்று ஒதுக்கிவிடாதீர்கள், பரீட்சை செய்தும் பார்த்துவிட்டேன். ஃபேனுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். ரீங்காரம் நின்றது. பாட்டும் அன்றைக்கே நின்றது! நான் பதறிப்போய், கெடுத்துவிட்டோமே என்று நாள் முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வேளை, எண்ணெய் மறுபடி வற்றியது, சத்தம் வந்தது, பாட்டும் கூடவே வந்தது. அதன் பிறகு எண்ணெய் டப்பாவைப் பரணில் போட்டுவிட்டேன். தினமும் அந்தச் சத்தத்தில் அவள் பாட, நான் மேகத்துக்கும் மேஜைக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தேன். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை மச்சான். யார் கண் பட்டதோ, போன வாரம் 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாசனை, திரை இருண்டது. உங்கள் தங்கை "அப்பாடா" என்றாள். அதிர்ச்சியில் மனிதர்களுக்கு என்ன பேசுகிறோம் என்றே தெரிவதில்லை, பாவம்.

அன்றிலிருந்து வீடு ஊமையாகிவிட்டது. சரி, அதே சுரத்தில் ஓடும் ஃபேனாகப் பார்த்து வாங்கிவிடுவது என்று புறப்பட்டேன். சுரம் மறந்துவிடக் கூடாதே என்று வாசலிலிருந்தே 'ம்ம்ம்' என்று பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் "எங்க போகணும்?" என்றார். வாயைத் திறந்தால் சுரம் போய்விடும். நான் 'ம்ம்ம்' என்றேன். "பேச வராதுன்னா கையக் காட்டுங்க" என்றார். பக்கத்து சீட்டுக்காரர் எனக்காக வருத்தப்பட்டு எழுந்து இடம் கொடுத்தார். அந்த மரியாதையில் நெகிழ்ந்து உட்கார்ந்து, அப்படியே மேகத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நடந்து திரும்பினேன்.

முதல் கடைக்காரர் நல்ல மனிதர்தான். பவர் சப்ளை தனியாக ஓடாதாம். அதன் வயர்க் கொத்தில் பச்சையையும் கறுப்பையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் காட்டினார். நான் ஒவ்வொன்றிலும் காதை வைத்தேன். மலிவானவை எல்லாம் கொசு மாதிரி கீச்சென்றன. அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், ஊர்ல எல்லாரும் சத்தம் வராததாக் கேக்கிறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன சார்?" என்றார். "சுருதி சேரலை" என்றேன். "கல்யாணக் கச்சேரிக்கா?" என்றார். அடுத்த கடையில் உங்கள் அறிவுரைப்படி கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதாக ஒன்றை எடுத்தேன், குலுக்கியதும் உள்ளே கடகட என்றது. பிரித்துப் பார்த்தால் கனத்துக்காகவே ஒரு இரும்புத் துண்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைக்காரர் என்னைவிட அதிர்ந்துபோய், "இத நானே வீட்ல மாட்டியிருக்கேனே" என்று கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

கடைசிக் கடையில் காட்டியது பெரிய ஃபேன், அழகான கறுப்பு, விலையும் பரவாயில்லை. ஓடவிட்டார், ஃபேன் அசையவே இல்லை. "சூடானாத்தான் சார் சுத்தும்" என்றார். சரி, சுற்றட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இறக்கைகள் அசையாமல் இருந்த அழகில் கண் சொக்கிவிட்டது. கனவில் அது மெல்லச் சுற்றியது, கடையில் இருந்த பெட்டிகள் எல்லாம் திறந்து வெள்ளைக் காகிதங்களாகப் பறந்தன, நடுவில் உங்கள் தங்கை நின்று பாடினாள், நான் பக்கம் கட்ட மறந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். "சார், ஷட்டர் போடணும்" என்று தோளைத் தட்டினார்கள். ஃபேன் அப்போதும் சுற்றவில்லை.

ஆகையால் மச்சான், உங்கள் ஊர்க் கடைத்தெருவில் நீங்களே தேட வேண்டும். சுரத்தைக் காகிதத்தில் அனுப்ப முடியாது, அடையாளம் சொல்கிறேன். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தியதும் போடுமே ஒரு சத்தம், அதற்குக் கொஞ்சம் மேலே. சாப்பிட்டு முடித்து, கொட்டாவிக்கு முன்னால் நீங்கள் போடும் 'ம்ம்' இருக்கிறதே, அதற்குக் கொஞ்சம் கீழே. வாட்டு முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, சுருதி மட்டும் விலகக் கூடாது. என் பிழைப்பு நின்று கிடக்கிறதே என்று அவசரப்பட வேண்டாம், வேலை எங்கே போகிறது. அவள் மறுபடி பாட வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் லிஃப்ட்டுகள் நடுவழியில் நிற்காமல் ஏறி இறங்க என் பிரார்த்தனைகள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்புக்குரிய மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, இது நான். உறையை ஒட்டாமலே என் கையில் கொடுத்து, "தபால்ல போட்டுடு, உள்ள ஒண்ணுமில்ல" என்றார். ஒன்றுமில்லாததை எதற்குத் தபாலில் போடுவது என்று எடுத்துப் படித்தேன். சில இடங்களில் ஒற்று விட்டிருந்தார், போட்டுவிட்டேன். அண்ணா, நான் பாடவே இல்லை. அந்த ஃபேன் இரைச்சலில் ஒரு வரிகூட மண்டையில் ஏறாமல், அதை அமுக்குவதற்காகத்தான் வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தேன். எண்ணெய் விட்ட அன்றைக்குத்தான் நிம்மதியாக வேலை பார்த்தேன். 'அப்பாடா' என்று மனதாரத்தான் சொன்னேன். கல்யாணமான புதிதில் பாடியது மட்டும் உண்மை. எதிரில் இருப்பவர் ஒரு நாளாவது தலை நிமிர்ந்து பார்ப்பார் என்று பாடினேன், அவர் மேகத்தைவிட்டு இறங்கவே இல்லை, நானும் விட்டுவிட்டேன். அந்த மனுஷன்தான் இப்போது எனக்காக வாயில் ஒரு சுரத்தை அடைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். படித்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். நீ கடையில் இருப்பதிலேயே சத்தம் குறைந்ததாகப் பார்த்து வாங்கி அனுப்பு. சுருதி பார்த்துத்தான் வாங்கினேன் என்று இவரிடம் அடித்துச் சொல். மீதியை நான் பாடிக்கொள்கிறேன்.