புருசன் கோசு

பாம்பில் விஷமுள்ளது, விஷமில்லாதது என்று இரண்டு வகை இருப்பதுபோல, சாப்பிடுகிற மனிதர்களிலும் இரண்டு வகை உண்டு. தானுண்டு தன் இலையுண்டு என்று சாப்பிட்டு எழுந்து போகிறவர்கள் ஒரு வகை. பக்கத்து இலையை எட்டிப் பார்த்து, "இதிலே என்ன சத்து இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைக்குச் சத்துக்காரர் என்று பெயர். இரண்டில் விஷமுள்ளது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சத்துக்காரர் பிறக்கும்போதே சத்துக்காரராகப் பிறப்பதில்லை. நாற்பது வயதுவரை நம்மைப் போலவே நெத்திலியும் நெய்ச்சோறும் தின்று, ஏப்பம் விட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு திரிந்தவர்தான். ஒரு நாள் பத்திரிகையின் மூலையில் ஜீவசத்து என்று நாலு வரி படிக்கிறார். அன்றோடு போயிற்று. மறுநாள் முதல் அவரிடம் தலைவலி என்று சொன்னால் கீரை, கால்வலி என்று சொன்னால் கீரை, மாமியார் செத்துப் போனாள் என்று சொன்னால், "கீரை கொடுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் துக்கம் விசாரிப்பார். எதைச் சொன்னாலும், "நான் சொல்லலே, டாக்டர் சொல்றான்" என்று முடிப்பார். எந்த டாக்டர்? அது அவருக்கே தெரியாது.

இவ்வளவு நுணுக்கமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினம் காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் பார்க்கிறேனே!

நான் கோலாலம்பூர் ரயில்வே ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. பெயர் இராமலிங்கம். சென்ற வருஷம் எங்கள் துரை கேமரன் மலையில் பத்து நாள் குளிர் வாங்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு கூடை காய் கொண்டுவந்து, ஆபீசில் ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தார். முட்டைக்கோஸ் குட்டி போட்டதுபோல், எலுமிச்சங்காய்ப் பருமனில் பச்சைப் பசேலென்று இருந்தது. பெயர் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ். "நன்றாக வேகவைத்துச் சாப்பிடு, குடலுக்கு நல்லது" என்றார் துரை. துரையின் வாயிலிருந்து என் குடலைப் பற்றி ஒரு வார்த்தை! நான் உருகிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவி பவுனம்மாளிடம் பெயரைச் சொன்னேன்.

"புருசல்சு... என்ன எழவு பேருங்க இது? புருசன் கோசா?"

"புருசன் இல்லடி, பிரஸ்ஸல்ஸ்! சீமையிலே அது ஒரு ஊரு."

"ஊரோ பேரோ, வீட்டுல புருசனைத் தவிர யாரும் திங்க மாட்டாங்க. புருசன் கோசுதான்."

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பாசாரில் காய்கறி விற்கும் சீனர்கூட வாரம் ஒரு கூடை மலையிலிருந்து வந்ததும், "தவுக்கே, புருசான் கோஸ் அடா!" என்று, அதாவது 'முதலாளி, கோசு இருக்கு' என்று மலாயில் கூவ ஆரம்பித்துவிட்டார். நான் விடுவேனா? காலையில் வேகவைத்த கோஸ், மத்தியானம் ரொட்டியின் நடுவே நசுக்கிய கோஸ், ராத்திரி கோஸ் வெந்த தண்ணீரில் கஞ்சி. அடுத்த வீட்டு என்ஜின் டிரைவர் இக்னேஷியஸ் என்னைக் கண்டாலே வேலிக்கு அந்தப் பக்கம் குனிந்து இல்லாத செருப்பைத் தேடுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற மனிதரை வழிமறித்து, "உங்க பைபிள்லே கோஸைப் பத்தி ஏதாவது போட்டிருக்கா?" என்று நான் கேட்டது தப்புதான்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டு அல்லாத ஒன்றும் இருந்தது.

எங்கள் ஒரே மகள் சீதாலெட்சுமிக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் வரன் வந்தபோது நான் வேப்பங்கொழுந்துக் கட்டத்தில் இருந்தேன். மாப்பிள்ளை வாயில் நானே ஒரு உருண்டை போட்டேன். அவர்கள் அப்புறம் கடிதமே போடவில்லை. இரண்டாவது வரனுக்குப் பச்சை முட்டை. அவர்கள் வாசலைத் தாண்டியதும் ஓடியதாகக் கேள்வி. மூன்றாவதாகக் கிள்ளானிலிருந்து துறைமுகக் கிராணி அய்யாவுவின் மகன் பாலனின் ஜாதகமும் போட்டோவும் வந்தன. ஜாதகம் பெட்டியில் இருந்தது. போட்டோ மட்டும் காணோம். அரிசி டின்னுக்குப் பின்னால் சீதாலெட்சுமி அதை ஒளித்து வைத்திருந்ததைப் பவுனம்மாள் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் வந்துவிட்டாள்.

"இந்தத் தடவை கோசைப் பத்திப் பேச்செடுத்தீங்க, நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் என்னிடம்.

பேசக் கூடாது என்றாள். வேகவைக்கக் கூடாது என்று சொல்லவில்லையே? அவர்கள் வருகிற அன்று விடியற்காலையில், நானே ஒரு பானை கோஸை அடுப்பில் ஏற்றி, துரை சொன்னபடி நன்றாக, அதாவது ஒன்றரை மணி நேரம், வேகவைத்தேன்.

அதிகமாக வெந்த கோஸின் வாசனை உங்களுக்குத் தெரியுமா? தெரியாதவர்கள் பாக்கியசாலிகள்.

பத்து மணிக்கு அய்யாவு, அவர் மனைவி மாரியாயி, மாப்பிள்ளை மூவரும் வந்தார்கள். மாரியாயி வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"ஏண்ணே, பக்கத்துல சாக்கடை கீக்கடை அடைச்சிருக்கா?"

"சாக்கடை இல்லம்மா, சத்து!" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை. குடல், ரத்தம், பல் ஈறு, சீமை டாக்டர்கள் என்று முக்கால் மணி நேரம் போயிற்று. சீதாலெட்சுமி காப்பி கொடுத்து, கும்பிட்டு, உள்ளே போனதைக்கூட யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பேச்சோடு நான் வீசிய கை நடுவில் மறைத்தது. காப்பியையும் அவர்கள் தொடவில்லை. பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும்.

அய்யாவு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ரயிலுக்கு நேரமாச்சுலா. நாங்க கலந்து பேசிக் கடுதாசி போடுறோம்."

கடுதாசி! அந்த வார்த்தையை நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். கதவிடுக்கில் என் மகளின் முகம் தெரிந்தது. அவள் அழவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிஷம் உலகத்துக் கோஸையெல்லாம் கிள்ளான் ஆற்றில் கொட்டிவிட்டு, "ஐயா, என் பெண் என்னைப் போல இல்லை" என்று அவர்கள் காலில் விழத் தோன்றியது. நாக்கு எழவில்லை. வேண்டாதபோது மட்டும் எழுகிற நாக்கு!

அப்போதுதான் சமையலறையில் கடுகு வெடித்தது.

கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, அதன்பின் ஏதோ ஒன்று சட்டியில் விழுந்து சடசடவென்று சிவக்கிற மணம். வாசற்படியில் கால் வைத்த மாரியாயி நின்றாள். மூக்கிலிருந்து முந்தானை இறங்கியது. திரும்பி, நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள். மற்றதெல்லாம் கூடத்திலிருந்து எங்கள் காதில் விழுந்தது.

"என்னம்மா காய் இது, இம்புட்டு வாசம்?"

பதில் சொன்னது என் மகள். பாவம், பழக்கத்தில் சொல்லிவிட்டாள். "புருசன் கோசு அத்தே."

அய்யாவு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"புருசன் கோசா? ஏண்டியம்மா அப்படிப் பேரு?"

பவுனம்மாள் குரல் வந்தது. "முழுசாப் போட்டா உள்ளே வேகாதுக்கா. ரெண்டாப் பொளந்து, தண்ணியே காட்டாம, சூட்டுல நல்லாப் பிரட்டி எடுக்கணும். அப்பத்தான் வழிக்கு வரும். பாவமேன்னு கூடக் கொஞ்ச நேரம் விட்டு வெச்சோம், நாத்தம் வெளியே வந்துரும்."

பிறகு மாரியாயி சிரித்தாள் பாருங்கள், கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. "எங்க வீட்டுலயும் ஒரு கோசு இருக்கு தாயி! தினம் விளக்கெண்ணெய் குடிச்சிட்டு ஊருக்கெல்லாம் உபதேசம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டிருக்கிறாள். பிறகு இன்னொன்று. பிறகு தேங்காய்ப்பூவோடு ஒரு கை.

அய்யாவு பதறி உள்ளே ஓடினார். "ஏ மாரியாயி! கை நனைச்சுட்டியே!"

"நனைச்சாச்சுலா. இனி என்ன பண்றது? சோத்தைப் போடச் சொல்லுங்க."

கல்யாணம் வைகாசியில். இந்த ஆறு வாரத்தில் பவுனம்மாள் அதே கோஸில் கூட்டு வைத்தாள், சாம்பாரில் போட்டாள், கூனி இறால் சேர்த்து வதக்கினாள், ஊறுகாய்கூடப் போட்டுவிட்டாள்; இக்னேஷியஸ் வேலியோரம் கிண்ணத்தோடு வந்து நிற்கிறார். சத்து அதில் நிஜமாகவே இருந்திருக்கிறது. நான்தான் அதை வேகவைத்துக் கொன்றுகொண்டிருந்தேன். சம்பந்தியம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். கல்யாணப் பந்தியில் புருசன் கோசு இருக்க வேண்டும். பெண்ணின் அப்பா மட்டும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது.

சரி, ஐயா, உங்களை ஒன்று கேட்கிறேன்; மறைக்காமல் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, "அந்தக் கோஸ் என்ன பிரமாதம், நம்ம முருங்கைக்கீரையில் பத்து மடங்கு சத்து இருக்கிறதே" என்று ஒரு தடவையாவது நாக்கு நுனிவரை வந்ததா இல்லையா? வந்ததா? அப்படியானால் அவசியம் கல்யாணத்துக்கு வாருங்கள். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை காலியாக இருக்கிறது. அங்கே உட்கார வேறு யாரும் சம்மதிக்கவில்லை.