தன் ஊரைப் புகழாதவர்கள்

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். பிரேமினிக்கு லண்டன், மெல்பர்ன், டொரொண்டோ என்று மூன்று ஊர்களில் மெக்கானிக்கல் இஞ்சினியரிங் இடம் கிடைத்திருந்தது. பதில் போகாவிட்டால் மூன்றும் கைநழுவிவிடும்.

"நான் விசாரிச்சுச் சொல்றேன்லா, நீ எதையும் தொடாத," என்று மகளிடம் சொல்லிவிட்டு, பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கூடத்தில் கிருபானந்தன் போனும் கையுமாக உட்கார்ந்தார். மூன்று ஊரிலும் அவருக்கு ஆள் இருந்தது.

திங்களன்று லண்டன் தங்கை ஜெயமாலாவைக் கேட்டார். லண்டனில் எந்நேரமும் மழை, பிள்ளைக்கு இருமல் வந்துவிடும், படிப்பென்றால் மெல்பர்ன்தான் என்றாள் அவள்.

செவ்வாயன்று மெல்பர்ன் தம்பி ஜெகதீசன். அங்கே வெயிலும் சிலந்தியுமாம். டொரொண்டோவை விட்டால் இஞ்சினியரிங்குக்கு ஊரே கிடையாதாம்.

டொரொண்டோவில் இருந்த சித்தப்பா மகன் ராஜன், கழுத்தளவு பனி என்று பயமுறுத்திவிட்டு லண்டனைக் கைகாட்டினான்.

கிருபானந்தனுக்குத் தலை சுற்றியது; மனமோ குளிர்ந்தது. "பார்த்தியா ஷாமினி, ஒருத்தராவது தன் ஊரைப் பெருமையாப் பேசினாங்களா? என் ரத்தம் அப்படி," என்றார் மனைவியிடம்.

"உங்க ரத்தம் என் புள்ளைய ரவுண்டபவுட்ல சுத்த விடுது," என்றாள் அவள், ஆய்ந்துகொண்டிருந்த கீரையிலிருந்து தலை நிமிராமல்.

புதனன்று மூவரையும் ஒரே வீடியோ காலில் கூட்டினார். ஒருவர் ஊரை இன்னொருவர் புகழ்ந்தே ஒன்றரை மணி நேரம் போனது. முடிவில், பிரேமினி விண்ணப்பமே போடாத ஆக்லாந்தும் டப்ளினும் பட்டியலில் சேர்ந்து ஊர் ஐந்தாயிற்று.

வியாழனன்று முருகன் கோயிலில் ஊருக்கொரு பொட்டலமாகப் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தார். லண்டன் வந்தது. சந்தோஷமாகத் தங்கைக்குச் சொன்னால், "ஐயர் சரியாக் குலுக்கியிருக்க மாட்டாரு, அண்ணே. இன்னொரு தடவை போடச் சொல்லுங்க," என்றாள். முருகனே சொல்லியும் தன் ஊரை முன்னிறுத்தாத அந்த அடக்கம் அவரைக் கண்கலங்க வைத்தது.

வெள்ளி மாலை அவர் மறுபடி கோயிலுக்குக் கிளம்ப, பிரேமினி வாசலில் மறித்தாள்.

"அப்பா, லண்டனுக்கு ஓகே போட்டுட்டேன். நான் தேடின ரோபோட்டிக்ஸ் லேப் அங்கதான் இருக்கு. கேம்பஸ்லயே ஹாஸ்டல் ரூமும் எடுத்தாச்சு."

கிருபானந்தனுக்குப் பகீரென்றது. தங்கையின் பேச்சை மீறியதுகூடப் பரவாயில்லை. சொந்த அத்தை வீடு இருக்கும் ஊரில் பிள்ளையை ஹாஸ்டலில் விடுவதா? அண்ணன் மகளைத் தன் வீட்டிலேயே நாலு வருஷம் வைத்துப் பார்த்துக்கொள்ள நினைத்திருப்பாளே, இனி முகத்தில் முழிப்பாளா?

போனைப் போட்டு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டார்.

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு.

"ஹாஸ்டல்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல, அண்ணே? இஞ்சினியரிங்குக்கு லண்டன் மாதிரி வேற எங்க இருக்கு?"