பாந்த்ரா பொட்டிக்கடை

ஆபிரகாம் ஓய்வு பெற்றார். சேசம்மாள் ஓய்வை இழந்தாள். மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அந்த நாலாவது மாடி வீட்டின் ஏழு மாதக் கதை இவ்வளவுதான்.

நாற்பது வருஷம் தாராவியில் தோல் பை தைத்த மனுஷன். பட்டறை பெருத்துவிட்டது என்று மகன் ஸ்டெர்லின் அதை அம்பர்நாத்துக்குக் கொண்டுபோய்விட்டான். "நீங்க வீட்ல ஆராம் பண்ணுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆபிரகாமுக்கு எல்லா வேலையும் தெரியும், சும்மா இருக்கிற வேலை மட்டும் தெரியாது. ஆகவே அடுப்படியைப் பட்டறையாக்கினார். குக்கர் விசிலை எண்ணினார். மசாலா டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினார்; அன்றைக்கு டீயில் பெருங்காயம் மணத்தது. ஜெபமாலை சொல்ல வந்த பெண்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போன வாரத்தைவிட இந்த வாரம் ஆறு நிமிஷம் கூடுதல் என்று அறிவித்தார். மறுவாரம் ஜெபமாலை எதிர்வீட்டுக்கு மாறிவிட்டது.

சேசம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பேசினால் பயமில்லை, பேசாவிட்டால்தான் பயம் என்பது முப்பது வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் வெங்காயம் உரித்தபடியே அவள் ஆரம்பித்தாள்.

"வாற சனிக்கிழம நம்ம கல்யாண நாளு. என்னைய ஒரு பொட்டிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"பொட்டிக்கடைக்கா? நம்ம பூலோகம் கட கீழதான இருக்கு. என்ன வேணும், வெத்தலையா?"

"வெத்தல இல்ல. பொட்டிக். துணி, பையின்னு ஸ்டைலா விக்கிற கட. பாந்த்ரா சந்துக்குள்ள பழைய வீட்லல்லாம் தொறந்திருக்காகளாம். நம்ம ஸ்வீட்டி போயிட்டு வந்தா."

மருமகள் பெயரைக் கேட்டதும் ஆபிரகாம் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஸ்வீட்டி அங்கே வாங்கி வந்த துணிப்பையை அவர் பார்த்திருக்கிறார். ரேஷன் அரிசி வாங்கப் போகும் பைக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், அரிசிப் பையின் தையல் உறுதியாக இருக்கும். அதன் விலையைக் கேட்ட அன்று இரண்டு தரம் தண்ணீர் குடித்தார்.

"போவோம்" என்றார். சொன்ன நிமிஷமே மனசுக்குள் ஒரு சபதமும் போட்டார். போவது, பார்ப்பது, ஒற்றைச் சாமான் வாங்காமல் திரும்புவது. மாட்டேன் என்று சொன்னால் ஒரு வாரம் சோறு இறங்காது. பொருளைக் குறை சொன்னால் யார் தப்புச் சொல்ல முடியும்? எந்தப் பொருளிலும் குற்றம் கண்டுபிடிக்கும் கண் அவருக்கு. அவள் ஆசைப்படுகிற ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டையைக் காட்டினால் அவளாகவே வீட்டுக்குப் போவோம் என்று சொல்லிவிடுவாள்.

சனிக்கிழமை மாஹிமில் ரயில் ஏறி, ஒரே ஸ்டேஷன், பாந்த்ராவில் இறங்கினார்கள். சந்துக்குள் நுழைந்ததும் ஆபிரகாமுக்குச் சபதம் கொஞ்சம் மறந்துபோனது. மர மாடிப்படி வைத்த அந்தச் சின்ன வீடுகள் அப்படியே நின்றன. முச்சந்தியில் அதே சிலுவை, அதன் கழுத்தில் அன்றைக்குப் போட்ட சாமந்தி மாலை. ஆனால் ஒவ்வொரு வீடும் வயிற்றுக்குள் ஒரு கடையை வைத்திருந்தது.

கல்யாணமான வருஷம் மவுண்ட் மேரி கோயில் திருவிழாவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு இந்தச் சந்து வழியாகத்தான் நடந்தார். ரோஸ் கலர் சேலை கட்டியிருந்தாள். கூட்டத்தில் யாரோ மிதித்து அவள் செருப்பு வார் அறுந்துவிட்டது. வெறுங்காலோடு நடக்கிறேன் என்றாள். ஆபிரகாம் விடவில்லை. மெழுகுவத்திக்காரரிடம் திரி நூல் ஒரு முழம் கேட்டு வாங்கி, பையில் எப்போதும் கிடக்கும் ஊசியை எடுத்து, கோயில் படியிலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார்.

"அந்தச் செருப்பு ஞாபகமிருக்கா?" என்றார்.

"அதப் போட்டு ரெண்டு வருசம் நடந்தேம்லா" என்றாள் சேசம்மாள். "செருப்பு தேஞ்சிது. நீங்க போட்ட தையல் தேயல."

முப்பது வருஷத்துக்குப் பிறகு வந்த பாராட்டு. ஆபிரகாமின் நடை கொஞ்சம் மாறியது. உடனே சுதாரித்துக்கொண்டார். பாராட்டுக்குப் பின்னால் பர்ஸைத் திறக்க வைப்பார்கள்.

முதல் கடையில் மண் கோப்பைகள். ஒன்றைக்கூட நேராக வைக்க முடியவில்லை.

"இது கோணலா இருக்கே தம்பி."

"கையால செஞ்சது அங்கிள், அதான்" என்றான் கடைக்காரப் பையன் இந்தியில்.

"கையால செஞ்சா கோணணுமா? நானும் நாப்பது வருசம் கையாலதான் செஞ்சேன். எல்லாம் நேராத்தான் வந்துது."

சேசம்மாள் கோப்பையை வைத்துவிட்டாள். ஒன்று முடிந்தது. அடுத்த கடையில் முழங்கால் கிழிந்த பேண்ட். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தவர் அதை மறுபடி குப்புறப் படுக்க வைத்தார். "முழுசா கிழிஞ்சா இன்னும் வெல கூடுமோ?" என்று கேட்டார். சேசம்மாள் சிரித்தபடி வெளியே வந்தாள். இரண்டு முடிந்தது. வேலை இவ்வளவு சுலபமாக நடக்கும் என்று ஆபிரகாம் நினைக்கவில்லை.

மூன்றாவது கடை ஒரு பழைய வீட்டின் முன்னறை. அந்த வாசலைப் பார்த்ததும் நின்றார். திருவிழா அன்றைக்கு இதே வாசலில் ஒரு ஆன்ட்டி பாட்டிலில் மசாலா விற்றுக்கொண்டிருந்தாள். தாகம் என்று கேட்டதும் பானைத் தண்ணீர் கொடுத்தாள். இப்போது அந்த இடத்தில் ஆணி அடித்துத் தோல் பைகள் தொங்கின.

உள்ளே இருந்த பெண் சின்ன வயசு. பரீஹா என்று பெயர் சொன்னாள். "தமிழா அங்கிள்? எங்க வாப்பாவுக்குக் கடையநல்லூர். எனக்குப் பேச வரும், படிக்கத்தான் நஹி. பைட்டோ, உக்காருங்க, சாய் சொல்றேன். அங்கிளுக்கு சக்கரை இல்லாம."

சேசம்மாள் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு பையை எடுத்துத் தோளில் மாட்டிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அதுதான் ஆபத்து.

"இங்க கொண்டா" என்றார் ஆபிரகாம். வெளிச்சத்தில் பிடித்தார். "கைப்பிடியப் பாரு. ஓரத்தச் சீவாம அப்படியே மடிச்சித் தச்சிருக்கான். இங்க தடிச்சி நிக்குதா? மூணே மாசத்துல வாயப் பொளக்கும். உள்ள துணி வேற இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

பரீஹா கோபப்படவில்லை. நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து எழுதத் தொடங்கினாள். "எப்படிச் சீவணும் அங்கிள்?"

"வாயால சொன்னா வெளங்குமா? கத்தி இருக்கா?"

கத்தி இருந்தது. ஊசி இருந்தது, மெழுகு நூல் இருந்தது, பசை இருந்தது, ஜன்னல் ஓரமாக ஒரு மேஜையும் இருந்தது. இதெல்லாம் ஏன் எடுத்த எடுப்பில் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது என்று ஆபிரகாம் யோசித்திருக்கலாம். அதற்குள் கைப்பிடியைப் பிரித்துவிட்டார்.

"பிரிச்சிட்டியளே" என்றாள் சேசம்மாள். "இனி நாமதான வாங்கணும்."

அவருக்கு வேர்த்தது. "யாரு சொன்னா? முன்ன இருந்ததவிட நல்லாத் தச்சிக் கொடுத்தா ஆச்சி."

உட்கார்ந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கினார். தோலின் மணமும் பசையின் மணமும் ஒன்றாக ஏறின. ஏழு மாதமாக அந்த மணம் இல்லாமல்தான் சோறு ருசிக்கவில்லையோ என்று தோன்றியது. ஓரத்தைச் சீவினார், மடித்தார், துளை போட்டார். நூலின் இரு முனையிலும் கோத்த இரண்டு ஊசியும் எதிரும் புதிருமாக ஓடின. பரீஹா எதையோ கேட்டாள், சொன்னார். இன்னொரு பையைக் கொண்டுவந்தாள், அதையும் திட்டினார், அதையும் பிரித்தார். டீ ஆறிப்போனது. ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

நிமிர்ந்தபோது எதிரே முக்காலியில் சேசம்மாள் உட்கார்ந்திருந்தாள். மோவாயில் கை வைத்து அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுசாகக் கல்யாணமான நாளில் தாராவிப் பட்டறைக்குச் சோற்றுவாளி கொண்டுவந்துவிட்டு, தோல் கட்டின் மேல் இதே மாதிரிதான் உட்கார்ந்திருப்பாள். வாளி காலியானாலும் போகமாட்டாள். அந்த நாளெல்லாம் எங்கே போனது என்று அவர் நினைத்ததே இல்லை. அன்றைக்கு நினைத்தார்.

"அங்கிள்" என்றாள் பரீஹா. "எனக்கு ஒரு மாஸ்டர் வேணும். ரெண்டு பொண்ணுங்க தைக்கிறாங்க, சொல்லித்தர ஆளில்ல. நீங்க வரணும்."

ஆபிரகாம் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தொண்டையைக் கனைத்தார். "வாரத்துக்கு மூணு நாளுன்னா பாக்கலாம். வீட்ல இவளத் தனியா விட முடியாது. நான் இல்லாட்டி ஒண்ணும் ஓடாது."

சேசம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிரிவை நினைத்துக் கலங்குகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

காப்பிக்கொட்டை நிறப் பையைப் பரீஹா காசு வாங்காமலே அவள் தோளில் மாட்டிவிட்டாள். ஒற்றை ரூபாய் செலவில்லை. பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கும்போது ஆபிரகாம் வெற்றி வீரர். அப்போதுதான் அந்த டீ ஞாபகத்துக்கு வந்தது.

"சேசம்மா. எனக்குச் சுகர்னு அந்தப் புள்ளைக்கு யாரு சொன்னா?"

அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். "நாந்தான்."

"எப்பம்?"

"நீங்க பல்லப் புடுங்கப் போன அன்னைக்கு. ஸ்வீட்டிதான் கூட்டிட்டுப் போனா. அந்தப் பொண்ணு மாஸ்டர் தேடிக்கிட்டிருந்துது. எங்க வீட்ல ஒருத்தர் சும்மா இருக்காருன்னேன்."

"அப்பம் கல்யாண நாளு, பொட்டிக்கு, எல்லாம்..."

"வேல இருக்கு வாங்கன்னு கூப்பிட்டா வந்திருப்பியளா? மவன் பொறவு மனசு கேக்காம அம்பர்நாத்துக்குக் கூப்பிட்டதுக்கே, நான் என்ன கூலிக்காரனான்னு ஒரு மாசம் மொகத்தத் தூக்கி வச்சிருந்திய. அதான் பையக் காட்டுனாப் போதும், மத்தத அவுகளே பாத்துக்கிடுவாகன்னு அந்தப் பொண்ணுட்ட சொல்லி வச்சேன்."

ஆபிரகாம் கோபப்படுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவள் குரல் இறங்கியது.

"ஏழு மாசமா உங்க கை ரெண்டும் மடியில சும்மா கெடக்கு. என்னால பாக்க முடியல."

கோபம் வந்த வழியே போய்விட்டது. அவருக்குக் கண் கரித்தது. ஆனாலும் குடும்பத் தலைவர் என்று ஒன்று இருக்கிறதே. "சரி, போறேன்" என்றார். "ஆனா மூணே நாளு. மத்த நாலு நாளும் உங்கூடத்தான்."

"ஆறு நாளுன்னு பேசியாச்சி."

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்து, மாஹிம் வரும் வரை அவர் விரலை மடக்கிக் கிழமைகளை எண்ணினார். இறங்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"அப்பம் ஞாயித்துக்கிழம?"

"அன்னைக்குக் கட லீவாம்" என்றாள் சேசம்மாள். "கேட்டுப் பாத்துட்டேன்."