கடலை இடம் மாற்றிய கல்லு பாய்

சென்னைப் பட்டணத்தில், கடலைத் தூக்கிக்கொண்டுபோய் மயிலாப்பூருக்கு மேற்கே வைத்த ஒரே மனிதர் எங்கள் கல்லு பாய்தான். புயலே துணியாத காரியம் அது. பாய் அதை வெற்றிலை மென்றுகொண்டே செய்து முடித்தார்.

யுத்த காலம். மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் நான் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். பாய் அங்கே படம் போடுகிறவர். அந்நாளில் காலண்டர் படம், சோப்பு லேபிள் எல்லாவற்றையும் வழவழப்பான கல்லில் வரைந்து, அதிலிருந்து காகிதத்துக்கு எடுப்பார்கள். கல்லில் இடப்பக்கம் இருப்பது காகிதத்தில் வலப்பக்கம் விழும். அதனால் எதையும் திருப்பித்தான் வரைய வேண்டும். ஆயுள் முழுக்கத் திருப்பி வரைந்ததில் பாயே திரும்பிப்போயிருந்தார். பத்திரிகையைச் சவரக் கண்ணாடியில் காட்டிப் படித்தால்தான் அவருக்குச் செய்தி விளங்கும் என்று அச்சகத்தில் பேச்சு. ஜட்காவில் ஏறினால் “வலது பக்கம்” என்று சொல்லி இடது பக்கம் கையைக் காட்டுவார்.

“இன்னா பாய், வாயி ஒண்ணு சொல்லுது, கையி ஒண்ணு சொல்லுது?” என்பான் வண்டிக்காரன்.

“ரெண்டுல எது சரின்னு நீதான் பாத்துக்கணும், நைனா.”

அந்த வருஷம் அடித்த புயலில் அடையாற்று முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குப்பமே போய்விட்டது. குடிசை, வலை, கட்டுமரம் எல்லாம் போய், மணலில் பாதி புதைந்த ஒரு படகு மட்டும் மிச்சம். சனங்களை அச்சகத்துக்கு எதிரே இருந்த சத்திரத்தில் தங்கவைத்தார்கள். அங்கே குழந்தைகளுக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு, புயல் விளையாட்டு. ஒருவன் “வருது, வருது!” என்று கத்துவான். மற்றவர்கள் ஓடி மூலையில் ஒடுங்குவார்கள். சின்னதுகள் நிஜமாகவே அழும்.

பாய்க்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் சாக்கட்டியோடு போய்ச் சத்திரத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் புயலை வரைந்தார். குழந்தைகள் மிரண்டு பின்வாங்கின.

“அப்பாலிக்கா?” என்றது ஒரு வாண்டு.

பாய் யோசித்தார். புதைந்த படகை ஊரே சேர்ந்து கயிறு கட்டி இழுப்பதாக வரைந்தார். “அப்பாலிக்கா?” கீற்று முடைந்தார்கள், வலை பின்னினார்கள், அடுப்பு புகைந்தது. சாயங்காலத்துக்குள் தரை முழுக்கக் குப்பம் எழுந்து நின்றது. சத்திரத்துக்காரி வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவினாள். குப்பம் மறுபடியும் போய்விட்டது. குழந்தைகள் போட்ட கூச்சலில் தெப்பக்குளத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. பாய் பதறிப்போய், “அழாதீங்கடா, புஸ்தகமாவே போட்டுத் தர்றேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

“ஓய் பாய், காலண்டருக்கே காகிதம் கிடைக்கலை. உமக்குப் படப் புஸ்தகம் கேக்கறதா?” என்றார் முதலாளி.

“காலண்டர் ஓரத்த வெட்டித் தள்றீங்களே மொதலாளி, அது போதும்.”

“உள்ளங்கை அகலம்கூட இருக்காதேங்காணும்!”

“படிக்கிறவங்களுக்கும் உள்ளங்கை அம்மாந்தான்.”

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். படகை இழுக்கிற முதல் படம் அச்சாவதற்குள் சனங்கள் திரும்பிப்போய்க் குடிசை போட ஆரம்பித்திருந்தார்கள். நானும் பாயும் படத்தை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனோம். குழந்தைகள் மொய்த்துக்கொண்டன.

“டேய், கடலு மயிலாப்பூருக்கு அந்தாண்ட பூட்ச்சுடா!” என்று ஒருவன் கத்தினான்.

பாய் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சாக்கட்டியால் தரையில் நேராக வரைந்து பழகிய கை, கல்லிலும் நேராகவே வரைந்துவிட்டது. அச்சில் மயிலாப்பூர்க் கோபுரம் கிழக்கே, கடல் மேற்கே!

“அங்கியே கெடக்கட்டும் பாய். அட்த்த தபா பொங்குனா மயிலாப்பூர்க்காரங்க ஓடட்டும்” என்றான் இன்னொருவன். குப்பமே சிரித்தது. புயலுக்குப் பிறகு அவர்கள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பவுனு மட்டும் சிரிக்கவில்லை. ஆறேழு வயதுப் பெண். படத்தில் கயிறு இழுக்கிறவர்களை ஒவ்வொருவராக விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

“அல்லாரும் கீறாங்க. எங்க நைனா எங்க?”

அவள் அப்பன் புயலன்று கட்டுமரத்தில் போனவன், திரும்பவில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

பாய் அச்சகத்துக்குத் திரும்பி மற்ற படங்களையெல்லாம் மளமளவென்று திருப்பி வரைந்தார். கடைசிக் கல்லில்தான் மாட்டிக்கொண்டார். ஓர் ஆளை வரைவார், அழிப்பார். மறுபடி வரைவார், அழிப்பார்.

“வரைஞ்சா பொய்யி, சார். வரையலன்னா அந்தப் புள்ள மொகத்துல முழிக்க முடியாது.”

சோப்பு லேபிளுக்கு அந்தக் கல் வேண்டும் என்று முதலாளி ஆள் அனுப்பினார். பாய் கல்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். சாப்பாடும் அதன்மேல்தான்.

“எழுந்திரும் ஓய்!”

“படம் காயுது மொதலாளி” என்றார். கல்லில் ஒரு கோடுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் இழுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனார். புயலுக்குப் பிறகு முதல் தடவையாகக் கரைவலை இழுத்திருந்தார்கள். வந்த மீனை வீட்டுக்கு ஒரு குவியலாக மணலில் பிரித்து வைத்தார்கள். ஒவ்வொரு குவியலையும் இழுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போக, ஒன்று மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தது.

“இது யாரோடது?” என்றார் பாய்.

பவுனுவின் அம்மா அஞ்சலை கூடையோடு வந்தாள். “எங்க வூட்டுக்காரரோடது. கடலுக்குப் போய் வராதவங்களுக்கும் ஒரு பங்கு வெப்பாங்க. அவுரு கயித்துல இல்ல பாய். பங்குல கீறாரு.”

பாய் அன்றே அச்சகத்தைத் திறக்கச் சொல்லி அந்தப் படத்தை வரைந்தார். கரையில் மீன் குவியல்கள். அதில் ஒன்றின் பக்கத்தில், இடுப்பில் கையை வைத்துக் காவல் நிற்கிற பவுனு.

புத்தகம் தயாரானதும் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடைசிப் பக்கத்தைப் பவுனு வெகுநேரம் பார்த்தாள். பிறகு குப்பம் முழுக்க ஓடி, “எங்க நைனா பங்கு! எங்க நைனா பங்கு!” என்று ஒவ்வொரு வீட்டிலும் காட்டினாள். திரும்பி வந்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினாள்.

“பாய், இதுல நீ எங்க?”

பாயும் குனிந்து பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். தன்னை வரைந்துகொள்ள அவருக்குத் தோன்றவே இல்லை. பவுனு அம்மாவின் கூடையில் கைவிட்டு ஒரு மீனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“இந்தா, உன் பங்கு.”

பாய் அந்த மீனைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். தேம்பித் தேம்பி அழுதார். மீன் வாடை பட்டாலே மூக்கைப் பொத்துகிற மயிலாப்பூர்க்காரன் நான். அன்று வீடு வரும்வரை, மீன் இருந்த பக்கமாகவே அவரோடு ஒட்டிக்கொண்டு நடந்தேன்.