தராசுக்கு எடை வந்த வரலாறு

கருணை என்பது மனிதர்களின் நெஞ்சில் ஊறுகிறது என்று பலரும் எழுதிவிட்டார்கள். தவறு. கருணை ஊறுவது கோப்பில். அதை மூன்று பிரதிகளில் ஊற வைத்த பெருமை ஒரு நான்கு மாடி அலுவலகத்தையும் அதன் கண்காணிப்பாளரையும் சாரும். அந்தக் கருணைக்கு ஆளாகும் பாக்கியம் பெற்றவர் ஆவண அறை ஊழியர். பத்தொன்பது வருடமாகக் கோப்புக் கட்டுகளைத் தூக்கி மாடி ஏறி இறங்கியதால் அவரை எல்லோரும் 'கட்டுக்காரர்' என்றே கூப்பிடுவார்கள்.

கட்டுக்காரருக்கு இடது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவு புடைப்பு ஒன்று வந்தது. நின்றால் எட்டிப் பார்க்கும். இருமினால் முழுசாக வெளியே வரும். படுத்தால் சமர்த்தாக உள்ளே போய்விடும். மேலதிகாரியைக் கண்டால் எழுந்து, அவர் போனதும் உட்காரும் அலுவலக ஒழுக்கம் அதற்கும் வந்துவிட்டது என்று எட்டு மாதம் சும்மா இருந்தார். யாரோ சொன்னார்கள் என்று பெல்ட் கட்டிப் பார்த்தார். பெல்ட்தான் நைந்தது. கடைசியில் அவர் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு, ஆளை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இது ஹெர்னியா. குடலிறக்கம்னு சொல்வாங்க," என்றார் அறுவை மருத்துவர். "வயித்துச் சுவர்ல ஒரு இடம் பலவீனமாயிருக்கு. பாரம் தூக்கும்போது குடல் அது வழியா வெளிய தள்ளுது. மாத்திரையில போகாது. பெல்ட் ஓட்டையை அடைக்காது. அப்படியே விட்டா ஒருநாள் குடல் அங்கயே மாட்டிக்கும். ரத்தம் ஓடாம அழுகிடும். உயிருக்கே ஆபத்து."

"அப்ப தைச்சிடுவீங்களா டாக்டர்?" என்றாள் மனைவி.

"உள்ள தள்ளிட்டு, ஒரு வலை வச்சுத் தைப்போம்."

"அதானே! நைஞ்ச துணியில வெறும் தையல் நிக்காது. அடியில ஒட்டுக் குடுக்கணும்."

"இதை என் மாணவர்களுக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆகும்மா," என்று மருத்துவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஆனா ஆறு வாரத்துக்கு அஞ்சு கிலோவுக்கு மேல எதையும் தூக்கக் கூடாது. தூக்கினா..."

"ஒட்டே பிரிஞ்சு வந்துரும். நான் பாத்துக்கறேன் டாக்டர்."

அறுவை நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் கழித்துக் கட்டுக்காரர் மருத்துவச் சான்றிதழோடு வேலைக்குத் திரும்பினார். அன்றே 'எடைக் கருணைக் குழு' கூடியது. தலைவர் கண்காணிப்பாளர். உறுப்பினர் ஸ்டோர் கீப்பர். இரண்டு பேருக்கு மேல் போனால் கருணை நீர்த்துப்போகும் என்று அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

"அஞ்சு கிலோங்கறது உணர்ச்சி இல்ல, அளவு," என்று கண்காணிப்பாளர் தொடங்கினார். "ஒரு கட்டைத் தூக்கிப் பாத்துட்டு 'ஆறு கிலோ சார்'னு சொன்னீங்கன்னா, அதுக்குள்ள தூக்கியாச்சே! விதிமீறல் நடந்து போச்சே! அதனால தூக்கறதுக்கு முன்னாடியே எடை தெரியணும்."

"ஸ்டோர்ல இரும்புத் தராசு ஒண்ணு இருக்கு சார்," என்றார் ஸ்டோர் கீப்பர்.

உடனே தீர்மானம் நிறைவேறியது. எந்த மாடியில் கட்டு இருக்கிறதோ அந்த மாடிக்குத் தராசு போகும். கட்டைத் தராசுக்கு 'நகர்த்தலாம்'. நகர்த்துவது தூக்குவதாகாது. ஐந்து கிலோவுக்குள் இருந்தால், பதிவேட்டில் எழுதிவிட்டுத் தூக்கலாம்.

"தராசை யார் சார் தூக்கறது?" என்றார் கட்டுக்காரர்.

"சலுகை உங்களுக்குக் குடுத்தது. உங்க சலுகையை இன்னொருத்தர் எப்படித் தூக்குவார்?"

"அதுவே ரொம்ப கனம் சார்."

"எவ்வளவு?"

ஸ்டோர் கீப்பர் இருப்புப் பதிவேட்டைப் புரட்டினார். "பொருள், தராசு. நிறம், பச்சை. எடைங்கற இடத்துல கோடு போட்டிருக்கு சார். தராசைத் தராசு மேல வச்சு நிறுக்க முடியலயாம்."

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். "எடை பதிவாகாத பொருளுக்கு எடை இல்லை. எடை இல்லாத பொருள் அஞ்சு கிலோவுக்குக் கீழதான் வரும்." எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மறுத்தால் 'சலுகையை நிராகரித்தவர்' என்று குறிப்பு ஏறும். சலுகை போனால் பழையபடி இருபது கிலோ கட்டுகள். கட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தராசைத் தூக்கினார். ஒன்பது நாள் நான்கு மாடியும் ஏறி இறங்கினார். பதிவேடு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அதில் ஒரு கட்டுகூட ஐந்து கிலோவைத் தாண்டவில்லை.

ஒன்பதாம் நாள் குளிக்கும்போது கை இடது பக்கம் போனது. எலுமிச்சை திரும்பி வந்திருந்தது. ஈரத் துண்டோடு அப்படியே உட்கார்ந்து அழுதார்.

"உங்க ஆபீசுக்கு வந்து நாலு வார்த்தை கேட்டாத்தான் என் மனசு ஆறும்," என்று கொதித்தாள் மனைவி.

"வேணாம். நானே கேக்கறேன்," என்றார்.

திங்கட்கிழமை மறுபடி அறுவை என்று மருத்துவர் நாள் குறித்தார். அதற்குள் புடைப்பு கல்லாக இறுகினாலோ, வலியோடு வாந்தி வந்தாலோ ராத்திரி பகல் பார்க்காமல் ஓடி வரச் சொன்னார். அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. பதிவேட்டின்படி ஐந்து கிலோவுக்கு மேல் எதுவும் தூக்கப்படாத நிலையில், வயிறு உத்தரவை மீறிக் கிழிந்தது ஏன் என்று விளக்கம் கேட்டது. விசாரணை அறையின் நடுவில் தராசு சாட்சியாக வைக்கப்பட்டிருந்தது.

"என்ன சொல்றீங்க?" என்றார் கண்காணிப்பாளர்.

"விளக்கம் எழுதிட்டு வந்திருக்கேன் சார். மேசையில வைக்கணும். தராசு வழியில நிக்குது. இனிமே எதையுமே தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்." கட்டுக்காரர் மிகுந்த பணிவோடு தொடர்ந்தார். "எடையே இல்லாத பொருள்தானே சார். நீங்களே கொஞ்சம் ஓரமா எடுத்து வச்சிடுங்களேன்."

ஸ்டோர் கீப்பர் மின்விசிறியைப் பார்த்தார். கண்காணிப்பாளர் தம் கையெழுத்தைப் பார்த்தார். சொந்தக் கையெழுத்தை நம்பாதவர் அதிகாரியாக இருக்க முடியாது. எழுந்து வந்தார். குனிந்தார். தூக்கினார். தராசு முழங்கால்வரை வந்தது. அவர் தொண்டையிலிருந்து 'க்' என்று ஒரு சத்தம் வந்தது. தராசைக் கீழே போட்டுவிட்டு, பெல்ட்டுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த முகம் கட்டுக்காரருக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

"சார், ஒரு தடவை இருமிப் பாருங்க."

இருமினார். வலது பக்கம்.

அன்று மாலைக்குள் தராசுக்கு எடை வந்துவிட்டது. பழைய இரும்புக் கடையிலிருந்து பெரிய தராசோடு ஆள் வரவழைத்து எடை போட்டார்கள். நாற்பத்திரண்டு கிலோ. ஒன்பது நாள் ஊழியர் சுமந்தும் வராத எடை, அதிகாரி ஒரே தடவை தொட்டதும் வந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட கை!

திங்கட்கிழமை இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். படுத்தபடியே கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்ட புதிய உத்தரவைக் கட்டுக்காரரின் மனைவி வாங்கி உரக்கப் படித்தாள்:

"தராசின் எடை நாற்பத்திரண்டு கிலோ எனத் தெரியவந்துள்ளது. மனித உடலுக்கு இது பெரும் ஆபத்து. ஆகவே அதிகாரிகள் எவரும் அதைத் தூக்கக் கூடாது. ஆவண அறை ஊழியர் பணிக்குத் திரும்பும்வரை தராசு இருக்கும் இடத்திலேயே காத்திருக்கும்."