மஞ்சட்கருவைத் துறந்தவர்

“இத்த இன்னா பண்றதுங்க?” என்று கேட்டாள் உண்ணாமலை.

அலுமினியத் தட்டில் நான்கு மஞ்சட்கருக்கள், குளிப்பாட்டுவதற்காகச் சட்டையைக் கழற்றி நிறுத்திய குழந்தைகளைப்போல, கூச்சமில்லாமல் கிடந்தன. அவற்றின் வெள்ளை முழுவதும் கோதண்டராமனின் வயிற்றுக்குள் போயிருந்தது.

“நாய்க்குப் போடும்மா.”

“நாயே இப்பல்லாம் என்ன மொறைக்குதுங்க. தெனமும் மஞ்சளே தின்னா அதுக்கும் வெறுத்துப் போவுமில்ல. வேவு கம்மியா கீதா?”

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மஞ்சள் எனக்கு ஆகாது. அவ்ளோதான்.”

காரணத்தை அவர் விளக்கவில்லை. மல்லாட்டை மண்டியில் கணக்கெழுதும் முப்பத்து நான்கு வயது ஆண்பிள்ளை, அடி அண்ணாமலைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டு, தன் தொந்தியின் வரலாற்றை ஒரு பெண்பிள்ளையிடம் எடுத்துரைக்க முடியுமா?

அந்த வரலாறு எளியதுதான். மண்டிக்கு வரும் வேர்க்கடலை மூட்டைகளில் கைவிட்டு, நாலு மல்லாட்டையை உரித்து மென்று, தரம் சொல்வது அவர் உத்தியோகத்தில் ஒரு பகுதி. பல ஆண்டுகளாக மென்ற தரமெல்லாம் இடுப்பைச் சுற்றிச் சேர்ந்திருந்தது. ஆவணியில் வேங்கிக்கால் அப்பாதுரை வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது, காப்பி டம்ளரை வாங்கக் குனிந்தார். சட்டையின் அடிப்பொத்தான் தெறித்து, பெண்ணின் காலடியில் போய் விழுந்தது. தனம் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. பொத்தானைப் பொறுக்கி அவர் உள்ளங்கையில் வைத்து, “இன்னும் கொஞ்சம் இறுக்கித் தெச்சுக்குங்க” என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு எங்கேயோ பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. கோதண்டராமன் அந்த இடத்திலேயே தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாக எண்ணிக்கொண்டார்.

பெண் வீட்டார் மட்டும், “தை பொறக்கட்டும், சொல்றோம்” என்றார்கள்.

தைக்குள் பொத்தான் தெறிக்காத மனிதனாகிவிட வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். யாரிடமும் சொல்லவில்லை, வேணுவைத் தவிர. வேணு மண்டியில் எடை போடுகிறவன். காலையில் கரளாக்கட்டை சுற்றுகிறவன். உடம்பு விஷயத்தில் அவன் சொன்னதே சட்டம்.

“வெள்ளக்கரு சதைக்குப் போவும், மஞ்சக்கரு தொந்திக்குப் போவும். இத மட்டும் மனசுல வெச்சிக்க அண்ணே. அப்புறம் நட. மலை எதுக்குக் கீது? ஒரு சுத்து சுத்தினா ஊட்டுக்கே வந்துடலாம், வழி கேக்க வேணாம்.”

வீட்டுக்காரர் பூண்டு வாசனைக்கே ஜன்னலைச் சாத்துகிறவர். எனவே முட்டை, பாதி வழியில், உண்ணாமலையின் கடையில் வேகலாயிற்று.

முறை பலித்தது. அதுதான் சங்கடமாகிவிட்டது.

உடம்பு இளைத்ததும் பேன்ட்டுகள் இடுப்பில் நிற்க மறுத்தன; கோதண்டராமன் வெள்ளை வேட்டிக்கு மாறினார். வைகறையில் கிளம்பி நேரே மண்டிக்குப் போனதால் சவரத்துக்கு நேரமில்லை; தாடி வளர்ந்தது. மலை சுற்றுகையில் ஊரே வெறுங்காலோடு நடந்ததால் அவரும் செருப்பை விட்டார். மண்டி முதலாளி பேரனுக்குக் காது குத்தி ஜாங்கிரி கொடுத்தபோது கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கினார். வேறெந்த ஊராக இருந்தாலும், ‘ஆளுக்குச் சர்க்கரை வியாதிபோல’ என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். ஒரு செயலுக்குப் பொருள் சொல்ல வேண்டியவன் செய்தவனா, பார்த்தவனா என்ற வழக்கில், திருவண்ணாமலை எப்போதும் பார்த்தவன் பக்கமே தீர்ப்பளித்து வந்திருக்கிறது.

ஐப்பசிக் கடைசியில் தரகர் தசரதன் மண்டிக்கு வந்தார். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை.

“உக்காருங்க தரகரே.”

“இருக்கட்டும் சாமி.”

“யாரு சாமி?”

“பொண்ணு ஊட்ல தயங்கறாங்க. நீங்க சாமியாராப் போயிட்டீங்களாமே. பொண்ணோட அப்பா சொம்மா ஊர்ப்பேச்சக் கேட்டுட்டு சொல்றவர் இல்ல. அவரே அடி அண்ணாமலைக்கு வந்து, மறைஞ்சி நின்னு பாத்து, விசாரிச்சிட்டுப் போயிருக்காரு. துறவிக்குப் பொண்ணு குடுத்தா ஏழு தலைமுறைக்கு ஆவாதுன்றாரு.”

“நான் தொந்தியக் கொறைக்க நடக்கறேன், தரகரே.”

தசரதன் மரியாதையோடு சிரித்தார். “எந்தச் சாமியாரு இதுவரைக்கும் தன்ன சாமியாருன்னு ஒத்துக்கினாரு?”

கோதண்டராமன் வேணுவிடம் ஓடினார்.

“ஆள் பாக்க சம்சாரி மாதிரி தெரியணும், அவ்ளோதான அண்ணே” என்றான் வேணு. பூப்போட்ட சட்டை ஒன்றையும் கறுப்புக் கண்ணாடியையும் தன் பெட்டியிலிருந்தே எடுத்துக் கொடுத்தான். மறுநாள் கோதண்டராமன் தாடியை மழித்து, அவற்றை அணிந்து, வாசனை எண்ணெய் தடவிய தலையோடு மலையைச் சுற்றினார். எதிரே வந்த இரண்டு பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

“பாரேன், வேஷம் போட்டு நம்மள சோதிக்கறாரு.”

“கண்ணாடி எதுக்குனு தெரியுமா? அவரு பார்வ நம்ம மேல பட்டா நம்மால தாங்க முடியாதாம்.”

உண்ணாமலை கடையில் ஒரு புது பெஞ்சு போட்டிருந்தாள். அதில் உட்கார்ந்திருந்தவர்கள் அவரைக் கண்டதும் எழுந்தார்கள். வழக்கம்போல அவர் வெள்ளையைத் தின்று மஞ்சளை ஒதுக்கினார். நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு பெரியவர் அதைக் கண்ணிமைக்காமல் பார்த்திருந்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் விளக்கினார்.

“வெள்ள இன்னாது? மனசு. மஞ்சள் இன்னாது? பொன்னு. மனச எடுத்துக்கினு பொன்ன ஒதுக்கறாரு.”

“முட்டையாச்சேங்க. கவுச்சியாச்சே.”

“சித்தருங்களுக்கு ஏதுய்யா சைவமும் அசைவமும்?”

“எனக்குத் தொந்தி இருந்துச்சிங்க” என்றார் கோதண்டராமன்.

“எல்லாருக்கும் இருக்குது சாமி” என்றார் பெரியவர், கண் கலங்கி. “நீங்கதான் விட்டுட்டீங்க.”

கோதண்டராமன் சொன்னதை யாரும் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்குப் பொருள்கொள்ளும் வேலையை மட்டும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

கோபப்பட்டுப் பார்ப்போம் என்று அடுத்தபடி தோன்றியது. அதற்கு நல்ல வாய்ப்பாகச் சடையன் என்ற விவசாயி பின்னாலேயே வந்து, “சாமி, எரும காணாமப் போச்சு. எங்க கீதுன்னு ஒரு வார்த்த சொல்லு” என்று நச்சரித்தான்.

“யோவ், எனக்கு எப்பிடிய்யா தெரியும்? எரும எங்க போவும், ஏரிக்குத்தான் போவும். எம்பின்னால சுத்தற நேரத்துக்கு அங்க போய்ப் பாத்தியா? அறிவு வேணாம்?”

எருமை ஏரியில் இருந்தது.

அதன்பின் அவரிடம் திட்டு வாங்குவதற்கென்றே ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

“சாமி, பையன் பத்தாவது பரிச்ச எழுதறான். ரெண்டு வார்த்த திட்டுங்க.”

“போங்க, நான் திட்ட மாட்டேன்.”

“இன்னிக்குக் குடுப்பின இல்ல போல. நாளிக்கி வரேன் சாமி.”

பேசினால்தானே வம்பு என்று கோதண்டராமன் வாயை மூடிக்கொண்டார். அந்த ஊரில் பேசாமல் இருப்பதைக் காட்டிலும் பெரிய தவறு ஒன்று செய்ய இயலாது. செங்கம் சாலை விடுதியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் அவருக்கு எதிரில் வந்து சம்மணமிட்டு அமர்ந்தார், தாமும் பேசவில்லை, நான்கு முட்டை வாங்கி, வெள்ளையைத் தின்று, மஞ்சளைப் பணிவோடு தட்டில் வைத்தார். நாய்க்கு இப்போது ஒன்றும் கிடைக்கவில்லை. இருவர் தட்டிலும் மிஞ்சியதை வாழையிலைக் கிழிசலில் மடித்து வாங்கிப்போகக் கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

மார்கழியில் தசரதன் மறுபடி வந்தார். இந்த முறை செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வந்தார்.

“சாமி, ஒரு விஷயம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். பொண்ணுக்குப் போளூர்ல ஒரு பாங்கிக்காரப் பையனப் பாத்திருக்காங்க. வர பௌர்ணமி கழிச்சி தாம்பூலம் மாத்தறாங்க. நீங்க எந்த மனக்கொறையும் வெச்சிக்காம ஆசீர்வாதம் பண்ணணும்.”

கோதண்டராமன் அன்று முழுவதும் ஒரு கணக்கையும் சரியாகக் கூட்டவில்லை. கண்ணாடியில் பார்த்தார். தொந்தி இருந்த இடம் தட்டையாக, ஒரு குற்றமும் சொல்ல முடியாதபடி இருந்தது. அதைக் காட்டுவதற்குத்தான் ஆளில்லை. பொத்தானைத் தன் உள்ளங்கையில் வைத்த அந்தக் கை அவருக்கு நினைவுக்கு வந்தது. போளூர்க்காரனுக்குத் தொந்தி இருக்குமோ, இராதோ. இருந்தாலும் அவன் சம்சாரி. அதுதான் அவனுடைய பலம்.

அப்பாதுரை பௌர்ணமிதோறும் குடும்பத்தோடு மலை சுற்றுகிறவர். விடியும் நேரத்தில் அடி அண்ணாமலையைக் கடந்துதான் ஆகவேண்டும். கோதண்டராமன் உண்ணாமலை கடையில் காத்திருந்தார். கூட்டமும் அவரோடு காத்திருந்தது, எதற்கென்று தெரியாமலே.

அப்பாதுரை வந்தார்; பின்னால் தனம். கோதண்டராமன் பெஞ்சிலிருந்து எழுந்து அவர்கள் வழியில் போய் நின்றார்.

“ஐயா, கொஞ்சம் நில்லுங்க. நான் சாமியார் இல்ல.”

கூட்டம் முணுமுணுத்தது. மௌனம் கலைந்துவிட்டது.

“நான் மல்லாட்ட மண்டியில கணக்கு எழுதறவன். எனக்கு எல்லா ஆசையும் இருக்கு. உங்க பொண்ணக் கட்டிக்கணும்னு ஆச இருக்கு. நான் ஒண்ணத்தயும் துறக்கல. இதோ பாருங்க.”

தட்டிலிருந்து ஒரு மஞ்சட்கருவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இரண்டாவதைப் போட்டார். மூன்றாவது உள்ளே போனபோது, நன்றாக வெந்து உலர்ந்திருந்த அந்த மஞ்சள், தொண்டையில் மாவுபோல அப்பிக்கொண்டது. மேற்கொண்டு சொல்ல நிறைய வைத்திருந்தார். ஒன்றும் வெளியே வரவில்லை. விடாப்பிடியாக நாலாவதையும் திணித்தார். விழிகள் பிதுங்கி, இரு கன்னங்களிலும் கண்ணீர் வழிந்தது.

“சாமி அழுவுது” என்றான் சடையன்.

விபூதிப் பெரியவர்தான் அதன் பொருளை முதலில் கண்டார். “விரதம் முடிஞ்சிது. அவரே முடிச்சிக்கினாரு. ஒதுக்கி வெச்ச பொன்ன கையால எடுத்துக்கினாரு, பாத்தீங்களா? குடும்பத்துக்குத் திரும்பறாரு.”

அப்பாதுரையின் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. “இத்தினி பெரிய தவத்த என் பொண்ணுக்கோசரம் முடிச்சிக்கினீங்களா?” என்றார். “போளூருக்கு நான் இன்னிக்கே ஆள் அனுப்பிடறேன். தையில முகூர்த்தம் வெச்சிக்கலாம், மாப்ள.”

கோதண்டராமன் மறுப்பாகத் தலையசைக்க முயன்றார். அது சம்மதமாகவே தெரிந்தது. கடைசிச் சொல் காதில் விழுந்ததும் மறுப்பதை நிறுத்திக்கொண்டார்.

தனம் கடைக்குள் போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். “மொதல்ல இதக் குடிங்க. காஞ்ச மஞ்சக்கருவ இப்பிடியா தின்னுவாங்க?”

குடித்தார். மூச்சு வந்தது.

“நான் அப்பாகிட்ட அப்பவே சொன்னேன், அவரு ஒடம்பு கொறைக்கறாருனு” என்றாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. “நம்பினாத்தான? எங்க பள்ளிக்கூட வாசல்ல செருப்பு தெக்கறவர்கிட்ட பெல்ட்டுக்கு ஓட்ட போட வந்தீங்களே, நான் மைதானத்துல நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். எந்தச் சாமியாருங்க பெல்ட்டுக்கு ஓட்ட போடுவாரு?”

அந்த ஊரில் தன்னைப் பிழையின்றிப் படித்த ஒரே வாசகி இவள்தான் என்று கோதண்டராமனுக்குத் தோன்றியது. இந்த முறை தனம் சிரித்தே விட்டாள்.

கூட்டம் கலைந்தது. அப்பாதுரை மகளோடு மலையின் மறுபக்கம் நோக்கி நடந்தார். கோதண்டராமன் பெஞ்சில் உட்கார்ந்து, முதல்முறையாகச் சர்க்கரை போட்ட டீ ஒன்று சொன்னார்.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சிம்மா. இந்தச் சாமியார் கதைய மொதல்ல எவன் கெளப்பினான்றதுதான் இன்னிவரைக்கும் தெரியல.”

உண்ணாமலை டீயை ஆற்றிக்கொண்டே அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“கோச்சிக்காதீங்க. அன்னிக்கு உங்க மாமனாரு கட நெறைய ஆள் இருக்கறப்ப வந்து, ‘இன்னாம்மா, அந்தாளு மஞ்சளத் தொடாமப் போறாரே, முட்ட அழுகிப் போச்சா’னு சத்தமா கேட்டுட்டாரு, யாவாரம் படுத்துடுமேன்ற பயத்துல, ‘அவரு சாமியாருங்க’னு சொன்னது நான்தான்.”